ஸ்பீக்கருக்கு முன்னால் ஓர் இரும்பு

வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் எடை எங்கே இருக்கிறது என்று தெரியும். வால்வு தருவது நூற்றுக்கணக்கான வோல்ட், கொஞ்சம் மில்லியாம்பியர். ஸ்பீக்கர் கேட்பதோ சில வோல்ட், ஓரிரு ஆம்பியர். இருவரையும் இணைத்து வைப்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். ஸ்பீக்கர் பக்கத்தைவிட வால்வு பக்கம் 25 மடங்கு சுற்றுகள் இருந்தால், 8 ஓம் ஸ்பீக்கர் வால்வுக்கு 5,000 ஓமாகத் தெரியும். 25இன் வர்க்கம் 625, அதை 8ஆல் பெருக்கிய கணக்கு.

இந்த விகிதத்தை அளப்பது எளிது. வால்வு பக்கம் 12 வோல்ட் ஏசி கொடுத்து மறுபக்கம் மீட்டர் வைத்தால் போதும். ஸ்பீக்கர் பக்கம் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. மறுமுனையில் 300 வோல்ட் எழும்பும்.

தரத்தைச் சொல்வது வேறோர் எண்: வால்வு பக்கச் சுருளின் இண்டக்டன்ஸ். 1947இல் இங்கிலாந்தின் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் டி.டி.என். வில்லியம்சன் தன் புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டபோது, 10,000 ஓம் டிரான்ஸ்பார்மருக்கு 100 ஹென்றி வேண்டும் என்றார். பின்னூட்ட வளையத்துக்குள் டிரான்ஸ்பார்மரையும் வைத்து 20 டெசிபல் பின்னூட்டம் கொடுத்தவர் அவர். இரும்பு சுமாராக இருந்தால் அந்தச் சுற்று ஊளையிடத் தொடங்கிவிடும்.

ஒப்பிடும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். சிக்னல் ஜெனரேட்டரின் மின்தடை பெரும்பாலும் 50 ஓம். அதில் இணைத்தால் வெறும் 10 ஹென்றி உள்ள மட்டமான 10,000 ஓம் டிரான்ஸ்பார்மரும் 20 ஹெர்ட்ஸ்வரை சீராக வேலை செய்வதாகக் காட்டும். அதையே பின்னூட்டம் இல்லாத பென்டோடு வால்வுகளிடம் கொடுத்தால், 160 ஹெர்ட்ஸ் அருகிலேயே ஒலியின் திறன் பாதியாகிவிடும். ஆகவே ஜெனரேட்டருக்குத் தொடராக, அந்த வால்வுகளின் உள்மின்தடைக்குச் சமமான ரெசிஸ்டரைப் போட்டு, ஸ்பீக்கர் பக்கம் 8 ஓம் சுமையும் வைத்தே அளக்க வேண்டும். இண்டக்டன்ஸும் நிலையானதல்ல, மின்னழுத்தம் கூடக் கூட ஏறும், இரும்பு உள்ளகம் காந்தத்தால் நிறைவுற்றதும் சரியும். எத்தனை வோல்ட்டில், எத்தனை ஹெர்ட்ஸில் அளந்தது என்று சொல்லாத ஹென்றிக் கணக்கை நான் ஏற்பதில்லை.

உச்சஸ்தாயியின் எதிரி கசிவு இண்டக்டன்ஸ். ஸ்பீக்கர் முனைகளைத் தடித்த கம்பியால் குறுக்கிணைத்து, வால்வு பக்கம் அளந்தால் கிடைப்பது அது. இரு சுருள்களையும் அடுக்கு மாற்றி அடுக்காகச் சுற்றினால் கசிவு குறையும். ஆனால் சுருள்களுக்கிடையே கெபாசிட்டன்ஸ் கூடும். இரண்டுக்கும் நடுவில் சமன் காண்பதே சுற்றுபவரின் கைத்திறன். 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை அனுப்பி, அதன் மூலையில் அலை எவ்வளவு துள்ளுகிறது என்று ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் அந்தத் திறன் தெரிந்துவிடும்.

கடைசியாக, முழுத் திறனில் ஒரு சோதனை. அதே மின்னழுத்தத்தில் அதிர்வெண் பாதியானால் உள்ளகத்தின் காந்தப்பாயம் இரட்டிக்கும். 40 ஹெர்ட்ஸில் 30 வாட் தாங்கும் இரும்பு, 20 ஹெர்ட்ஸில் ஏழரை வாட்தான் தாங்கும். அட்டையில் வாட் மட்டும் அச்சிட்டிருந்தால், எந்த அதிர்வெண்ணில் என்று விற்பவரிடம் கேளுங்கள்.