ஹேமுக்கு யார் துணை?

டிசம்பர் பிறந்ததும் சிங்கப்பூர்ப் பேரங்காடிகளின் குளிர்பெட்டிகளில் ஹேம் வந்து குவிந்துவிடுகிறது. ஹோட்டல்களும் அடுமனைகளும் முன்பதிவுப் பட்டியலை நீட்டுகின்றன. எத்தனை கிலோ, எலும்போடா எலும்பில்லாமலா, தேன் பூசியதா புகையூட்டியதா என்றெல்லாம் அலசி ஆராய்ந்து வாங்குகிறோம். தட்டில் அதன் பக்கத்தில் என்ன வைப்பது என்ற கேள்வி மட்டும் கடைசி நேரம்வரை தோன்றுவதில்லை. உருளைக்கிழங்கு மசியலும் ஒரு போத்தல் சிவப்பு ஒயினும் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் விருந்தைச் சமைத்துவரும் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். ஹேமை எந்தக் கடையில் வாங்கினோம் என்பதைவிட, அதனுடன் எதைப் பரிமாறுகிறோம் என்பதே விருந்தின் ருசியைத் தீர்மானிக்கிறது. வந்தவர்களில் யார் யார் வயிறார உண்டு எழுந்திருப்பார்கள் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

நாக்கு எதைத் தேடுகிறது?

ஹேம் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியின் பின்னந்தொடை. இத்தாலியின் புரொஷூட்டோ குரூடோ, ஸ்பெயினின் ஹமோன், சீனாவின் ஜின்ஹுவா ஹேம் ஆகியவை உப்பிட்டு மாதக்கணக்கில் உலரவைக்கப்படுபவை. நம் கிறிஸ்மஸ் மேசைக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. உப்புநீரில் ஊறவைத்து, பிறகு வேகவைத்தோ சுட்டோ விற்கப்படும் 'சமைத்த ஹேம்' அது.

அதில் உப்பு இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, இலேசான இனிப்பும் சிலவற்றில் புகைமணமும் இருக்கின்றன. இல்லாதவை புளிப்பு, கசப்பு, பச்சை வாசனை. இரண்டு துண்டு சாப்பிட்டதுமே நாக்கு அவற்றைத் தேடத் தொடங்கிவிடும். நம் சமையலுக்கு இது புதிதன்று. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடியும் கறிக்குழம்புக்குப் பின் ரசமும் கேட்கும் அதே நாக்குதான் இது.

ஹேமைத் தலைமுறைகளாகச் சாப்பிட்டுவரும் நாடுகளும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கின்றன. பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில் ஈஸ்டருக்கு ஹேம் துண்டுகளை நிறைய பார்ஸ்லி இலையோடு சேர்த்து உறையவைப்பார்கள். வெட்டினால் இளஞ்சிவப்பும் பச்சையுமாக இருக்கும். அல்சாஸில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். ஜெர்மனியில் வசந்தகால வெள்ளை அஸ்பாரகஸ். இங்கிலாந்தில் கடுகு விழுதும் பட்டாணியும். 1962இல் கனடாவின் ஒன்டாரியோவில் உணவகம் நடத்திய சாம் பனோபுலோஸ், பீட்சாவில் ஹேமுடன் அன்னாசியைச் சேர்த்து அதற்கு 'ஹவாயன்' என்று பெயரிட்டார். அன்னாசியின் புளிப்பும் இனிப்பும் ஹேமின் உப்போடு பொருந்தியதால்தான் எத்தனை கேலிக்குப் பிறகும் அந்தச் சேர்க்கை நிலைத்து நிற்கிறது.

மூலிகையில் சிக்கனம்

ஹேம் ஏற்கெனவே பதப்பட்டு, வெந்து வந்த இறைச்சி. நம் வழக்கப்படி இஞ்சி பூண்டு விழுதும் மசாலாத்தூளும் போட்டுப் புரட்டினால் அதன் சொந்த மணம் போய்விடும். சூடாக்கும்போது மேல் கொழுப்பைக் கட்டம் கட்டமாகக் கீறி, சந்திப்புகளில் ஒவ்வொரு கிராம்பாகக் குத்துங்கள். தட்டின் அடியில் இரண்டு பிரிஞ்சி இலையும் ஒரு கொத்து தைமும் இருந்தால் போதும். சேஜ் இலைக்கு மணம் அதிகம். நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

பார்ஸ்லிக்குப் பதில் புதினாவையும் கொத்தமல்லியையும் பொடியாக நறுக்கி, கலமான்சிச் சாறும் சிறிது எண்ணெயும் கலந்து பச்சையாகவே வைக்கிறேன். ஒரு பச்சை மிளகாயும் சேரலாம். இது அரைத்த சட்னி அன்று, நறுக்கிய இலை. மேலே பூச, அன்னாசிச் சாற்றில் பழுப்புச் சீனியும் ஒரு கரண்டி கடுகு விழுதும் கலந்து, கெட்டியாகும்வரை காய்ச்சிக்கொள்வேன்.

காய்கறியில் தாராளம்

எங்கள் மேசையில் முதலில் காலியாகும் கிண்ணம் அச்சார். வெள்ளரி, கேரட், அன்னாசி மூன்றையும் வினிகர், சீனி, மிளகாயில் ஊறவைத்து, வறுத்துப் பொடித்த கடலையும் எள்ளும் தூவுகிறேன். அடுத்தது பட்டாணி. கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, புதினாவோடு கிளறினால் முடிந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு சுட்டு, பிளந்து, எலுமிச்சை பிழிகிறேன். கசப்புக்குக் கடுகுக் கீரை. சந்தையில் கை சோய் என்று கேட்டால் கிடைக்கும். பூண்டு தாளித்து வதக்கினால் ஹேமின் கொழுப்புக்கு நல்ல மாற்று.

இவை எதிலும் நான் உப்பு சேர்ப்பதில்லை, அல்லது பெயருக்குத்தான் சேர்க்கிறேன். காரணம் இருக்கிறது. என் மாமனாருக்கு இரத்தக் கொதிப்பு. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் உட்கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உப்பாகச் சொன்னால் 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. சில துண்டு ஹேமிலேயே அதில் பெரும்பகுதி போய்விடலாம். பொட்டலத்தின் பின்னால் உள்ள சோடியம் அளவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியை 2015இல் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. எனவே ஹேம் பண்டிகை உணவாக இருக்கட்டும். தினசரி ரொட்டிக்குள் வேண்டாம். தட்டில் இரண்டு மூன்று மெல்லிய துண்டு, மீதி இடமெல்லாம் காய்கறி என்று பரிமாறினால் "அப்பா, உங்களுக்கு வேண்டாம்" என்று யாரும் அவரைத் தடுக்கத் தேவையில்லை.

குடிக்க என்ன?

துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின், ஹேமின் உப்போடு சேரும்போது என் நாக்குக்குக் கரடுமுரடாகவே இருக்கிறது. ஆப்பிளை நொதிக்கவைத்துச் செய்யும் சைடர், இலேசான இனிப்புள்ள ரீஸ்லிங் வெள்ளை ஒயின், கசப்புக் குறைந்த பியர் ஆகியவை நன்றாகப் பொருந்துகின்றன. புளிப்பும் நுரையும் கொழுப்பு படிந்த நாக்கைத் துடைத்துவிடுகின்றன.

அதே வேலையை மது இல்லாமலும் செய்யலாம். வண்டி ஓட்டுபவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சீனித் தண்ணீரை நீட்டிச் சமாளிக்க வேண்டியதில்லை. ஆப்பிள் சாற்றுக்குச் சரிபாதி சோடா, அதில் நசுக்கிய இஞ்சி. கலமான்சிச் சாற்றில் ஊறவைத்த ஒரு புளிப்புப் பிளம். சீனி குறைத்த ஐஸ் எலுமிச்சைத் தேநீர். மூன்றுமே ஹேமுக்குப் பொருத்தமானவை.

மேசையில் எல்லாரும்

என் அம்மா சைவம். சம்பந்தி வீட்டு விருந்துக்கு ஆசையாக வருவார். முன்பெல்லாம் வெள்ளைச் சோறும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுவிட்டு "எனக்கு இதுவே போதும்மா" என்பார். துணை உணவுகளை ஹேமின் கொழுப்பிலோ சாற்றிலோ செய்யாமல், தனிச் சட்டியில், தனிக் கரண்டியில் சமைத்து முதலில் பரிமாறத் தொடங்கியபின் நிலைமை மாறியது. அச்சார், பட்டாணி, கிழங்கு, கீரை என அம்மாவின் தட்டு இப்போது மற்றவர்கள் தட்டைவிட நிறைந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கிளாஸ் நீர்மோர்.

முஸ்லிம் நண்பர்களை அழைத்திருந்தால் தனிச் சட்டி மட்டும் போதாது. பன்றி இறைச்சி சமைத்த அடுப்படியிலிருந்து வரும் உணவைப் பலர் தவிர்ப்பார்கள். அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டு, முயிஸ் அமைப்பின் ஹலால் சான்றிதழ் பெற்ற கடையிலிருந்து தனித் தட்டுகளோடு உணவு வரவழைப்பதுதான் மரியாதை. இன்னொரு வழியும் உண்டு. அன்றைக்குப் பன்றி இறைச்சியே வேண்டாம் என்று முடிவெடுத்து, விருந்து முழுவதையும் அந்தக் கடையிலேயே சொல்லிவிடலாம். ஹலால் வான்கோழி ஹேமும் கோழி ஹேமும் கடைகளில் கிடைக்கின்றன. அன்னாசி, கடுகு, புதினா அவற்றுக்கும் பொருந்தும்.

சூடாக்குவதும் மிச்சம் வைப்பதும்

சமைத்த ஹேமை மீண்டும் சமைக்கத் தேவையில்லை, சூடேறினால் போதும். தட்டில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி, 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் வையுங்கள். நேரம் எடைக்கேற்ப மாறும். பொட்டலத்தில் உள்ள குறிப்பைப் பின்பற்றலாம். அன்னாசிப் பூச்சைக் கடைசி 20 நிமிடத்தில்தான் தடவ வேண்டும். முன்பே தடவினால் சீனி கருகிவிடும். வெளியே எடுத்து 15 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஹேமை மேசையில் விடாதீர்கள். குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாளுக்கு இந்த வட்டாரத்திலேயே வழி இருக்கிறது. மலாக்காவின் கிறிஸ்தாங் மக்கள் கிறிஸ்மஸ் விருந்தில் மிஞ்சிய இறைச்சியை மிளகாய், கடுகு, வினிகர் சேர்த்து 'டெவில் கறி'யாக்குகிறார்கள். பினாங்குச் சீனர்கள் விருந்தில் மிஞ்சிய இறைச்சியையும் எலும்பையும் கடுகுக் கீரையோடும் புளிப்புக்கு அசாமோடும் கொதிக்கவிடுகிறார்கள். இரண்டிலும் புளிப்பும் காரமும்தான் மிச்சத்தைக் காப்பாற்றுகின்றன.

இந்த ஆண்டு கடைக்குப் போகும்போது பட்டியலைத் தலைகீழாக எழுதிப் பாருங்கள். முதல் வரியில் அன்னாசி, வெள்ளரி, புதினா, கலமான்சி, கடுகுக் கீரை. கடைசி வரியில் ஹேம். வழக்கமாக வாங்குவதைவிடச் சிறியதே போதும்.