உரும்பிராய் ஏன் இரண்டு தடவை வருகிறது?

ஊர்ப் பெயர்கள் உள்ள இரண்டு கோப்புகளை லினக்ஸில் சேர்த்து, இரட்டிப்புகளை நீக்கச் சொல்கிறோம். பிறகும் ‘உரும்பிராய்’ இரண்டு தடவை நிற்கிறது. எழுத்துக்கூட்டிப் பார்த்தாலும் வித்தியாசமில்லை. ஒன்றின் வாலில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத 13ஆம் குறி ஒட்டியிருக்கிறது. அது தட்டச்சுக் காலத்தின் மிச்சம்.

தட்டச்சுப் பொறியில் ஒரே நெம்புகோல் தாளை ஏற்றி, அதைத் தாங்கும் வண்டியையும் வரித் தொடக்கத்துக்குத் தள்ளும். தொலைத்தட்டச்சில் இவை இரண்டு கட்டளைகள்: வண்டி திரும்ப 13, தாள் நகர 10. வண்டியே இல்லாத விண்டோஸ் இன்றும் வரி முடிவில் இரண்டையும் எழுதுகிறது. லினக்ஸுக்கு 10 போதும்; ஆகவே விண்டோஸிலிருந்து வந்த கோப்பின் 13 பெயரோடு ஒட்டி நின்றுவிடுகிறது.

‘டிஆர்’ கட்டளையிடம் 13ஐ அழிக்கச் சொன்னால் வேலை முடிந்தது. தமிழ் எழுத்து சிதையாதா? யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியீடும் மூன்று பைட். எதுவும் 128க்குக் குறையாது. ஆகவே அவற்றுக்குள் 13 ஒளிந்திருக்க வழியில்லை. யூடிஎஃப்-16 கோப்பு என்றால் கவனம்: அங்கே 13ஆம் குறியே இரண்டு பைட். ஒன்றை மட்டும் பிடுங்கினால் அதற்குப் பின்னுள்ள எழுத்தெல்லாம் ஒரு பைட் நகர்ந்து குழம்பிவிடும். முதலில் ‘ஐகான்வ்’ கட்டளை கொண்டு யூடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டே அழிக்க வேண்டும்.