ராணி அப்பக்கா: அரசியின் பெயரில் ஒரு ரோந்துக் கப்பல்

2012 ஜனவரி 20 அன்று விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடலோரக் காவல்படையில் சேர்ந்த ரோந்துக் கப்பலின் பெயர் 'ராணி அப்பக்கா'. கட்டியது அதே ஊரின் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளம். நீளம் ஏறத்தாழ 50 மீட்டர். பெயருக்கு உரியவரோ கர்நாடகத்துக்காரர்.

பெங்களூரிலிருந்து சாலைவழி சுமார் 350 கி.மீ. போனால் மங்களூர். அதை ஒட்டி, நேத்ராவதி கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே இருக்கிறது உள்ளால். 16ஆம் நூற்றாண்டில் அந்தத் துறைமுகத்தை ஆண்டவர் சௌட்ட வம்சத்து அப்பக்கா. சமணக் குடும்பம், ஆட்சியுரிமை தாய்வழியில் வரும். அதனால்தான் தாய்மாமன் திருமலராயருக்குப் பின் மருமகள் அரியணை ஏறினார். மிளகு ஏற்றிப்போன கப்பல்களுக்கெல்லாம் போர்ச்சுக்கீசியர் கெடுபிடி செய்த காலம் அது. அவர்கள் கேட்ட கப்பத்தை அப்பக்கா கட்டவில்லை. போர் மூண்டது. மொகவீர மீனவர்களும் மாப்பிள்ளை முஸ்லிம் மாலுமிகளும் அவர் பக்கம் நின்றார்கள். எரியும் அம்புகளால் அவர் எதிரிக் கப்பல்களைக் கொளுத்தியதாகத் துளுநாட்டு மக்கள் சொல்வார்கள்.

அப்பக்கா ஒருவரா, அடுத்தடுத்து ஆண்ட சிலரா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. 1623இல் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே சந்தித்த உள்ளால் அரசி பிந்தையவராக இருக்கலாம். செருப்பில்லாமல், ஓலைக்குடை நிழலில், வாய்க்கால் வெட்டும் வேலையைப் பார்வையிடப் போய்க்கொண்டிருந்தார். தோற்றத்தைக் கண்டு முகம் சுளித்த அந்தப் பயணியும் பேச்சின் கம்பீரத்தை ஒப்புக்கொள்கிறார். நமக்குக் கிடைத்த சாட்சியங்களில் உயிருள்ளது இதுவே.

'ராணி அப்பக்கா' கப்பலுக்குப் பின்னர், அதே வரிசையில் அவந்திபாய், துர்காவதி, காய்தின்லியு பெயர்களிலும் கப்பல்கள் வந்தன. ஐந்தாவதும் கடைசியுமான 'ராணி ராஷ்மணி' 2018இல் பணியில் சேர்ந்தது.