மணிக்கு எங்கே வலிச்சது?

எங்க மாமா வீடு கல்வராயன் மலையில, வெள்ளிமலைக்குப் பக்கத்துல. அங்க மணின்னு ஒரு நாய் இருந்துச்சு. ராத்திரி சாமைக் கொல்லையில காட்டுப்பன்னி நுழைஞ்சா முதல்ல குரல் கொடுக்கறது அவன்தான். ஒரு மழைக்காலத்துல, சாப்பிட்ட சோறு அப்படியே திரும்பி வர ஆரம்பிச்சது. "வாந்தி எடுக்குது"ன்னு சொல்லி மருந்து வாங்கிக் கொடுத்தோம். பூச்சி மாத்திரையும் கொடுத்தோம். நிக்கல. ரெண்டு மாசத்துல எலும்பும் தோலுமாயிட்டான். ஒருநாள் காலையில எழுந்திருக்கவே இல்ல. என்ன நோய்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியல.

அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதைத்தான் இங்க எழுதறேன். நாயையோ பூனையையோ கத்தியால் கிழிக்காமல் உள்ளே பார்க்க ஒரு வழி இருக்கிறது. நமக்குச் செய்கிற அதே எண்டோஸ்கோப்பிதான்.

வாந்தியா, எதுக்களிப்பா?

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வாந்தி வேறு, எதுக்களிப்பு வேறு. வாந்தி என்றால் நாய் குமட்டும், எச்சில் ஒழுகும், வயிற்றை எக்கி எக்கி வெளியே தள்ளும். பெரும்பாலும் பாதி செரித்த உணவோ மஞ்சள் நீரோ வரும். எதுக்களிப்பில் இந்தப் போராட்டம் எதுவும் இருக்காது. தலையைக் குனிந்தவுடன் செரிக்காத சோறு வழுக்கிக்கொண்டு வந்து விழும். முதலாவது இரைப்பை, குடல் அல்லது வேறு உறுப்புகளின் பிரச்சினையாக இருக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் உணவுக்குழாயின் பிரச்சினை. மணிக்கு நடந்தது இரண்டாவது. நாங்க சொன்னது வாந்தி. அதனால மருந்தும் வயித்துக்கே போச்சு.

உணவுக்குழாயில் எலும்பு சிக்கியிருக்கலாம், குழாய் சுருங்கியிருக்கலாம், தளர்ந்து பை மாதிரி விரிந்திருக்கலாம், உள்ளே கட்டி இருக்கலாம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், பெரிய கட்டியின் நிழல் தெரியும். ஆனால் உள்தோல் சிவந்திருக்கிறதா, புண்ணா, கட்டியின் மேற்பரப்பு எப்படி என்பதெல்லாம் தெரியாது. அதற்குக் கண் உள்ளே போக வேண்டும்.

கண் எப்படி உள்ளே போகிறது?

இது நம்ம ஏரியா. பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பு ஞாபகம் இருக்கிறதா? மெல்லிய கண்ணாடி இழைக்குள் நுழைந்த ஒளி, சுவரில் பட்டுப் பட்டு, இழை வளைந்தாலும் மறுமுனைக்குப் போய்ச் சேரும். அப்படி ஆயிரக்கணக்கான இழைகளை, இரண்டு முனையிலும் ஒரே வரிசையில் அடுக்கிக் கட்டினால், ஒவ்வொரு இழையும் படத்தின் ஒரு புள்ளியைக் கொண்டு வரும். இப்படிப் படம் அனுப்ப முடியும் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1957-ல் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் இந்த முறையில் செய்த இரைப்பைக் குழாயைத் தானே விழுங்கிப் பார்த்தார்!

இன்றைய கருவிகளில் குழாயின் நுனியிலேயே குட்டி கேமரா சிப் இருக்கிறது. படம் நேரே திரைக்கு வரும். குழாய்க்குள் நான்கு மெல்லிய கம்பிகள் ஓடும். கைப்பிடியில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால், சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி அவை இழுத்து நுனியை மேல், கீழ், இடம், வலம் வளைக்கும். காற்று ஊதி உறுப்பை விரிக்க, லென்ஸைக் கழுவ, நீரை உறிஞ்ச வழிகள் உண்டு. இன்னொரு வழியில் சின்ன இடுக்கியை அனுப்பி அரிசி நொய் அளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம். சிக்கிய எலும்பையும் பல நேரம் இப்படியே பிடித்து இழுத்துவிடலாம்.

மனிதர்களிடம் "அசையாம இருங்க" என்று சொல்லலாம். நாயிடம் சொல்ல முடியுமா? கடித்தால் கருவியும் போச்சு, டாக்டர் விரலும் போச்சு. அதனால் பட்டினி போட்டு, முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். பூனைக்கு இன்னும் மெல்லிய குழாய் வேண்டும்.

சாண வண்டில் இருந்து ஒரு கட்டி

நம்ம ஊர் மாதிரி வெப்பமான இடங்களில் அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாய்களுக்கு வரும் ஒரு புழு, ஸ்பைரோசெர்கா லூபி. நாயின் மலத்தில் உள்ள முட்டையைச் சாண வண்டு தின்னும். அந்த வண்டையோ, வண்டைத் தின்ற பல்லி, கோழியையோ நாய் தின்னும். புழு இரைப்பைச் சுவரைத் துளைத்து, ரத்தக்குழாய்ச் சுவர் வழியாகவே பெருந்தமனிக்கு ஏறி, சில மாதங்களில் உணவுக்குழாய்க்கு வந்து கட்டியாகும். கட்டி முற்றித் திறக்கும் வரை மலச் சோதனையில் முட்டை தெரியாமல் போகலாம். எண்டோஸ்கோப்பியில் கட்டியை நேராகப் பார்க்கலாம். சாதாரணப் பூச்சி மாத்திரை இதற்குப் போதாது, தொடர் ஊசி வேண்டும். விட்டால் சில நாய்களுக்குப் புற்றுநோயாகவும் மாறும். மணிக்கு இதுதான்னு நான் சொல்ல வரல. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

எண்டோஸ்கோப்பிக்கும் எல்லை உண்டு. சிறுகுடலின் நடுப்பகுதிக்கு அது எட்டாது, அங்கே அல்ட்ராசவுண்டு ஸ்கேன்தான். எடுக்கும் சதையும் மேல்தோல் மட்டும்தான். ஆழமான நோய் தப்பிவிடலாம்.

நாம என்ன செய்யலாம்?

நாய் உணவைக் கக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். எந்த டாக்டருக்கும் அது பாதி வேலையை முடித்துவிடும். எலும்பு சிக்கிய சந்தேகம் இருந்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள். பூனையின் வாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் அறுபடலாம்.

சென்னை வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நாய்களுக்கு எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் இருந்து சின்னசேலம் தாண்டினால் தலைவாசல் பக்கம் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே காட்டி, எங்கே அனுப்புவார்கள் என்று கேட்கலாம். கிளம்புமுன் போனில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

மாமா வீட்டுல இப்ப புதுசா ஒரு குட்டி வந்திருக்கு. அதுக்கும் மணின்னுதான் பேரு. "சோறு திரும்பி வந்தா முதல்ல வீடியோ எடுங்க மாமா"ன்னு சொல்லி வெச்சிருக்கேன்.