மழையைப் படித்தவர்க்கு வேலை உண்டா?

2023 பிப்ரவரி முதல் வாரம். திருவிடைமருதூர், ஆடுதுறை பக்கமெல்லாம் அறுப்புக் காலம். அந்த நேரம் பார்த்து, வங்கக் கடலில் உருவாகி இலங்கையைக் கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் காவிரி டெல்டா முழுக்கப் பருவம் தப்பிய மழையைக் கொட்டியது. கதிர் முற்றிய சம்பாவும் தாளடியும் சாய்ந்தன. அறுவடை இயந்திரமான பெல்ட் வண்டிகூட இறங்க முடியாத சேற்றில் நெல் ஊறிக் கிடந்தது. அறுத்து வைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுப்பதில்லை என்பதால், தார்ச்சாலையெல்லாம் நெல் காயும் களமானது.

இப்படி ஒரு மழை வந்து போவதற்குள் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். கடலில் சுழல் உருவாவதைக் கண்டு சொல்ல ஒருவர். அதைக் கேட்டு, அறுப்பை முன்னால் தள்ளலாமா என்று விவசாயிக்குச் சொல்ல ஒருவர். சேதத்தைக் கணக்கெடுத்துக் காப்பீட்டுத் தொகையை முடிவு செய்யச் சிலர். தண்ணீரில் மூழ்கினாலும் அழுகாத நெல்லை உருவாக்கச் சிலர். இத்தகைய மழை இனி அடிக்கடி வருமா என்று நூறாண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்க்க இன்னும் சிலர். காலநிலை அறிவியல் என்ற பெரிய பெயருக்குள் இத்தனை தொழில்களும் அடக்கம்.

வானத்தைக் கவனிக்கும் வேலை

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதன் முகம் சென்னை நுங்கம்பாக்கத்து மண்டல மையம். மழைக்காலத்தில் தொலைக்காட்சியைப் போட்டால் ரமணன், அவருக்குப் பிறகு பாலச்சந்திரன் என்று வீட்டு மனிதர்கள்போல வந்து பேசியவர்கள் அந்த மையத்து விஞ்ஞானிகள்தான். டெல்டாவுக்குப் பக்கத்திலேயே காரைக்காலில் ஒரு டாப்ளர் ரேடார் இருக்கிறது. ரேடார் படத்தைப் படிக்க, பலூன் பறக்கவிட்டு மேல்வானக் காற்றை அளக்க, கருவிகளைப் பராமரிக்க என்று எல்லா இடத்திலும் ஆள் வேண்டும்.

இதற்கான ஆள் தேர்வில் ஒரு பகுதியை மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்துகிறது. 2022இல் வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் பதவிக்கு மட்டும் 990 இடங்களை அது அறிவித்தது. இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம், அல்லது கணினி அறிவியல் பட்டம், அல்லது மின்னணு மற்றும் தொலைத்தொடர்புப் பொறியியல் பட்டயம் போதும். முதல் வகுப்பு வேண்டும். கும்பகோணம் அரசு ஆடவர் கலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் ஒரு மாணவர் நேராக எழுதக்கூடிய தேர்வு இது. ஆனால் இதுபோன்ற பெரிய அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. அதனால் இதை மட்டுமே நம்பிக் காத்திருக்கக் கூடாது.

ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவர்களுக்குப் புனேயில் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், ஐதராபாத்தில் கடல் தகவல் சேவை மையம், சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை இருக்கின்றன. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. முனைவர் பட்டம் முடிக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். வீட்டில் உடனே சம்பளம் எதிர்பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாயும் வெள்ளியும்

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. அடுத்த ஐந்து நாட்களுக்கு மழை, வெப்பம், காற்று எப்படி இருக்கும் என்பதோடு, "மேலுரம் இடுவதைத் தள்ளிப்போடுங்கள்", "இன்று மருந்து அடிக்க வேண்டாம்" என்பது போன்ற யோசனையும் அதில் இருக்கும். யூரியா போட்ட மறுநாள் மழை பிடித்துக்கொண்டால் உரம் வாய்க்காலோடு போய்விடும் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த வலி. அந்த நஷ்டத்தைத் தடுப்பதுதான் வேளாண் வானிலையாளரின் வேலை. பயிரும் தெரிய வேண்டும், வானமும் தெரிய வேண்டும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆய்வு மையத்தில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

இந்தத் துறையின் கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாவட்ட அளவில் இந்த யோசனையைத் தருவதற்காக நாடு முழுவதும் வேளாண் அறிவியல் நிலையங்களில் 199 மாவட்ட வேளாண் வானிலை மையங்கள் அமைக்கப்பட்டன. 2024 மார்ச்சில் அவை மூடப்பட்டன. ஒப்பந்த அடிப்படையில் அங்கே வேலை பார்த்த படித்த இளைஞர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். விவசாயிக்கு மழை நிச்சயமில்லாமல் போகும் காலத்தில், மழையைச் சொல்பவர் வேலையும் நிச்சயமில்லாமல் இருப்பது சரியல்ல. இத்துறைக்கு வரும் இளைஞர்கள், எந்தப் பணி நிரந்தரம், எது திட்ட காலம் வரை மட்டும் என்று விசாரித்துவிட்டுச் சேர்வது நல்லது.

வயல் விடும் காற்று

தண்ணீர் தேங்கிய நெல்வயலில் சேற்றுக்குள் ஆக்சிஜன் இருக்காது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியே வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது.

1990 வாக்கில், இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு சொன்னது. பழியை ஏழை நாட்டு விவசாயி தலையில் கட்டும் கணக்கு அது. 1991இல் விஞ்ஞானி ஏ.பி. மித்ரா முன்னின்று நாடு தழுவிய அளவீட்டை நடத்தினார். பல மாநில வயல்களில் நேரில் அளந்தபோது கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். மதிப்பீட்டில் ஒன்பதில் ஒரு பங்குகூட தேறவில்லை. வயலில் இறங்கி அளந்தவர்களால்தான் உலக அரங்கில் இந்தியாவின் வாதம் நின்றது.

இன்றும் அந்த அளவீடு கையால் நடக்கும் வேலை. நெற்குத்துகள் சிலவற்றைச் சுற்றி ஒரு சட்டத்தை முன்கூட்டியே சேற்றில் பதித்துவைப்பார்கள். சட்டத்தின் விளிம்புப் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்தால் காற்று கசியாது. உள்ளே பேட்டரியில் சுழலும் ஒரு சின்ன விசிறியும் வெப்பமானியும் இருக்கும். ரப்பர் அடைப்பில் ஊசி செருகி, தொடக்கத்திலும் பதினைந்தாம் நிமிடத்திலும் முப்பதாம் நிமிடத்திலும் காற்றை இழுத்து எடுப்பார்கள். வயலுக்குள் நேரே கால் வைக்காமல் பலகைமேல் நின்றுதான் இதைச் செய்ய வேண்டும். மிதித்தால் சேற்றிலிருந்து குமிழி கிளம்பிக் கணக்கு கெட்டுவிடும். நடவு முதல் அறுப்பு வரை வாரந்தோறும் வயலுக்கு வர வேண்டிய இந்த வேலைக்கு, சேற்றில் பழகிய பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

மீத்தேனைக் குறைக்கும் வழி டெல்டாவுக்குப் புதிதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவதுதான். துளையிட்ட பி.வி.சி. குழாயை வயலில் பதித்து, அதில் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சலாம். இதனால் மீத்தேன் பாதியளவுக்குக் குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பம்புசெட் வைத்துக் குறுவை செய்பவர்களுக்கு இது எளிது. ஆற்றுப் பாசனத்தில், முறை வரும்போதுதான் தண்ணீர் என்றிருக்கும் வயல்களுக்குக் கடினம். இப்படிக் குறைத்த வாயுவைக் கார்பன் வரவாக விற்க நிறுவனங்கள் வயல்களைத் தேடி வருகின்றன. கூடவே எச்சரிக்கையும் உண்டு. இத்தகைய வரவுகளுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2024இல் சீனாவின் 37 நெல் திட்டங்களைத் தள்ளுபடி செய்தது. ஆகவே நேர்மையாக அளக்கவும் சரிபார்க்கவும் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடிக்கொண்டே போகிறது.

விதையும் ஒரு துறை

திருவிடைமருதூர் வட்டத்திலேயே ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.டி.டி. என்று தொடங்கும் நெல் ரகங்கள் அதன் பிள்ளைகள். பசுமைப் புரட்சியை முன்னெடுத்த எம்.எஸ். சுவாமிநாதன் பிறந்த கும்பகோணம் கூப்பிடு தூரம். இன்றைய விதை ஆய்வாளருக்கு வெள்ளமும் வெப்பமும்தான் கேள்வித்தாள். இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் வறண்ட பருவ நெல்லின் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது என்று பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2004இல் கண்டது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த சப்-1 மரபணு, பயிர் இரண்டு வாரம் வரை நீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்க வைக்கிறது. அதைச் சேர்த்த சி.ஆர். 1009 சப்-1 ரகம் டெல்டாவின் பள்ளக்கால் வயல்களுக்கு ஏற்றது.

பொறியியல் வழியாகவும் வரலாம்

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965இல் பொறியியல் முடித்த வீரபத்ரன் ராமநாதன், செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குளிர்விக்கும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் பணி. பத்தாண்டு கழித்து, 1975இல், அமெரிக்காவில் அதே சி.எஃப்.சி. வாயுக்கள் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியவை என்று கண்டுபிடித்து அறிவியல் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார். தொடக்கத்தில் எந்தப் பாடம் எடுத்தோம் என்பது இத்துறையில் கதவை அடைப்பதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

தமிழக அரசு 2022இல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. மாவட்ட நிர்வாகங்களுடன் இணைந்து வேலை பார்க்க முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் பட்டதாரிகளை எடுக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் கணக்கை வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியதால், தனியார் துறையிலும் அந்தக் கணக்கை எழுதத் தெரிந்தவர்களுக்கு வேலை வந்திருக்கிறது. பயிர்க் காப்பீட்டில் செயற்கைக்கோள் படம் படிப்பவர்களைத் தேடுகிறார்கள். அதற்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை பக்கத்து வாசல்.

எந்த வழியில் போனாலும் பிளஸ் டூவில் கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிடக் கூடாது. பைத்தான் நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் இருக்கும்போதே ஒரு வேலையைத் தொடங்கலாம். 1901 முதலான இந்திய மழைக் கணக்கை, கால் டிகிரிக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, வானிலைத் துறையின் புனே அலுவலகம் இலவசமாக இணையத்தில் தருகிறது. திருவிடைமருதூர் விழும் கட்டத்தில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் மழையை மட்டும் பிரித்தெடுத்து, அறுப்புக் கால மழை நூறாண்டில் கூடியிருக்கிறதா, நாள் தள்ளி வருகிறதா என்று வரைபடம் போட்டுப் பார்க்கலாம். மடிக்கணினியும் ஒரு மாத உழைப்பும் போதும். எந்த நேர்காணலிலும் எடுத்து வைக்கத் தகுந்த ஆய்வு அது. ஆடுதுறை விஞ்ஞானிகளிடம் காட்டி யோசனை கேட்கவும் பேருந்தில் சிறிது நேரப் பயணம்தான்.