மண் இல்லாத பண்ணையின் வரவு செலவு

'மண்ணே வேண்டாமாம், தண்ணீரிலேயே கீரை வருதாம், கடன் வாங்கிப் போடலாமா?' என்று இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். வங்கியில் இருந்தவன், வட்டிக் கணக்கைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் சத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது.

பயிருக்கு அவசியமான சத்துகள் 17. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலும் நீரிலும் கிடைத்துவிடும். மீதி 14-ஐயும் நாம்தான் கரைத்துக் கொடுக்கணும். கலிபோர்னியாவில் உருவான ஹோக்லாந்து கரைசலில் தழைச்சத்து லிட்டருக்கு சுமார் 210 மில்லிகிராம்; மாலிப்டினமோ 0.01 மில்லிகிராம்தான். இரண்டில் எது குறைந்தாலும் பயிர் நின்றுவிடும்.

கலப்பதிலும் பக்குவம் உண்டு. கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் அடர்கரைசலாக ஒரே வாளியில் ஊற்றினால் ஜிப்சமாகி அடியில் படிந்துவிடும். அதனால்தான் ஏ, பி என்று இரண்டு தொட்டி. சாம்பல்சத்தை அள்ளிப் போட்டால் சுண்ணாம்புச்சத்து உள்ளே போவது குறையும்; தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். இ.சி. மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. மொத்த இருப்பு மட்டும் அச்சான பாஸ்புக் மாதிரி!

கரைசலின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்கணும். நம்ம ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் பைகார்பனேட் மிகுந்தது. பி.எச். ஏறிக்கொண்டே போகும், இரும்பு வேருக்கு எட்டாது. துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. அடி இலையில் அப்படி வந்தால் மெக்னீசியம். தண்ணீரைப் பரிசோதிக்காமல் குழாய்க்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

'பஞ்சகவ்யம் ஊற்றிவிட்டால் இயற்கைதானே?' என்பார்கள். அதில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் சிதைத்துக் கொடுத்தால்தான் வேர் எடுக்கும். மண்ணில் அந்த வேலை தானாக நடக்கிறது. வெறும் குழாயில் அது ஆக்சிஜனைத் தின்றுவிட்டு வேரை அழுக வைக்கும். மண்ணில் களியும் மக்கும் சத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். நாம் நாலு நாள் ஊருக்குப் போனாலும் தாங்கும். குழாயில் அந்தச் சேமிப்பு கிடையாது. கோடையில் இரண்டு மூன்று மணி நேரம் கரண்ட் போனாலே செடி தலை தொங்கிவிடும்.

சொந்தப் பணத்தில் மொட்டைமாடியில் பத்துக் குழாய் போட்டுப் பழகுவதை நான் தடுக்கமாட்டேன். சான்றிதழ் விஷயம் வேறு. இப்படி விளைந்த கீரையை இயற்கை விளைபொருள் என்று விற்க அமெரிக்கா அனுமதிக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. ஏற்றுமதியை நம்பித் திட்ட அறிக்கை எழுதுபவர்கள் இதை முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்வது நல்லது.