குரல் கேட்டு இணைப்புத் தரும் இயந்திரம்



தொலைபேசியில் எண்ணை அழுத்துகிறோம். மறுமுனையில் மணி அடிக்கிறது. இப்படித் தானே இணைப்புத் தரும் நிலையம் அமெரிக்காவின் லா போர்ட் நகரில் 1892ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. ஆனாலும் சில அழைப்புகளுக்கு ஆள் துணை தேவைப்பட்டது. பேசுகிறவரிடம் காசில்லை, மறுமுனையில் இருப்பவரே கட்டணம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டுமல்லவா? அதைக் கேட்டவர்தான் தொலைபேசி ஆப்பரேட்டர்.

1992இல் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கத் தொடங்கியது. அந்த இயந்திரத்துக்குக் கற்பித்த முக்கியச் சொற்கள் ஐந்தே. மறுமுனையார் கட்டணம் கட்ட 'கலெக்ட்'. அட்டைக் கணக்கில் எழுத 'காலிங் கார்டு'. வேறொரு தொலைபேசியின் கணக்கில் சேர்க்க 'தர்ட் நம்பர்'. குறிப்பிட்ட ஆளிடம் மட்டும் பேச 'பெர்சன்'. ஆளின் உதவி வேண்டுமென்றால் 'ஆப்பரேட்டர்'.

இயந்திரம் இச்சொற்களை எப்படி அறிகிறது? வரும் குரலை மிகச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த ஒலி ஓங்கியிருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்பதை எண்களாகக் குறித்துக்கொள்கிறது. பலருடைய குரல்களிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஒலி மாதிரியை முன்பே தயாரித்து வைத்திருப்பார்கள். வந்த குரல் எந்த மாதிரியோடு நன்றாகப் பொருந்துகிறது என்று இயந்திரம் கணக்குப் பார்க்கிறது.

ஐந்து சொற்கள்தானே, இதில் என்ன சிரமம் என்று நாம் நினைக்கலாம். 1952இல் பெல் ஆய்வுக்கூடம் செய்த 'ஆட்ரி' என்ற கருவி, பழகிய குரலில் சொன்ன எண்களை அடையாளம் கண்டது. தொலைபேசியிலோ யார் யாரோ பேசுவார்கள். ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள் என்றாலும், "தயவுசெய்து கலெக்ட் அழைப்புக் கொடுங்கள்" என்பார்கள். மனிதரிடம் பேசிய பழக்கம் அது! ஆகவே, வேண்டாத பேச்சுக்கும் இரைச்சலுக்கும் தனி மாதிரிகள் செய்தார்கள். முறத்தில் புடைத்து உமியை நீக்குவதுபோல, அவற்றை ஒதுக்கிவிட்டு வேண்டிய சொல்லை மட்டும் எடுக்க இயந்திரத்தைப் பழக்கினார்கள்.

இதனால் நிறுவனத்துக்குச் செலவு குறைந்தது. ஆனால் அதே 1992இல், ஆப்பரேட்டர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வரை குறைக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. ஐந்து சொல் கற்ற இயந்திரம் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோற்றில் கைவைத்தது.

நேயர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் வேலைதான் முதலில் இயந்திரத்துக்குப் போனது. குழப்பத்தோடு வந்தவரின் சிக்கலைக் கேட்டுத் தீர்க்கும் வேலை ஆளிடமே நின்றது. நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், பிறர் சொல்வதைக் கேட்டு, யோசித்து, பதில் சொல்லவும் பழக வேண்டும். வீட்டிலேயே அதைத் தொடங்குவோம்.